பாட்டைச் சேர்த்து வைத்த வாத்தியார்

நம்ம நெல்லைச் சீமையில் நாங்குநேரியில் 1917-இல் பிறந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், பிறகு பாளையங்கோட்டையில் தனியாகப் பாடம் நடத்தினார். படிக்காதவங்க பாட்டுதானே என்று பலர் ஒதுக்கின காலத்தில், நாட்டுப்பாடல்களைத் திரட்டி 1964-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். கட்டபொம்மன் கதைப்பாடலை அச்சேற்றினார். கோயில் கொடையில் வில்லுப்பாட்டாகக் கேட்போமே முத்துப்பட்டன் கதை, அதையும்தான். பிராமண வீட்டுப் பிள்ளை, செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் கட்டி, மாமனாரின் மாடுகளைக் காக்கப்போய் உயிரை விட்ட கதை. கொடையில் அந்த இடம் வந்தால் இன்னைக்கும் பொம்பளைங்க கண்ணைத் துடைப்போம். 1980-இல் அவர் காலமானார்.

எங்க ஆச்சி நடவுக்குப் பாடினதில் எனக்கு நாலு வரிதான் ஞாபகம் இருக்கு. எழுதி வைக்காமல் விட்டுட்டேன். இப்போ அத்தை பாடப் பாட, என் மகள் நோட்டில் எழுதுறா.