மார்ட்டின் லூதர் கிங்: படுகொலையும் மக்களின் எதிர்விளைவும்

கிங் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது பலர் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார் என்பதுடன் நிறுத்திவிடுகின்றனர். அதன் பின்னர் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இவர் 1929 ஜனவரி 15இல் ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மதபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் மதபோதகரானார். 1955இல் மொன்ட்கொமரி நகரில் ஆரம்பமான பஸ் பகிஷ்கரிப்புக்குத் தலைமை தாங்கினார். 381 நாட்கள் நீடித்த அப்போராட்டம் வெற்றி பெற்றது. காந்தியடிகளின் அகிம்சையே இவரது வழி. 1964இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

1968 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரில் குப்பை லொறியின் இயந்திரத்தில் நசுங்கி இரு தொழிலாளர் இறந்தனர். கறுப்பினத் தொழிலாளர் ஏறத்தாழ 1300 பேர் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினர். அவர்களுக்கு ஆதரவளிக்கச் சென்றிருந்த கிங், ஏப்ரல் 4ஆந் திகதி மாலை, தாம் தங்கியிருந்த விடுதியின் மேல்மாடியில் நின்றபோது சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39.

மக்களின் எதிர்விளைவு ஒரே விதமாக அமையவில்லை. வாஷிங்டன், சிக்காகோ, பால்ட்டிமோர் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. கடைகள் எரிந்தன. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். படையினர் வீதிக்கு இறக்கப்பட்டனர். இண்டியானாபொலிஸ் நகரில் ரொபர்ட் கென்னடி கூட்டத்தினர் முன் நின்று செய்தியைக் கூறி, அமைதி காக்குமாறு வேண்டினார். அந்நகரில் கலவரம் ஏற்படவில்லை. கிங்கின் மரணத்துக்கு வருந்தாதவர்களும் அந்நாட்டில் இருந்தனர் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏப்ரல் 8இல் அவரது மனைவி கொரெட்டா மெம்பிஸில் ஆயிரக்கணக்கானோருடன் மௌன ஊர்வலம் சென்றார். கணவரை அடக்கஞ் செய்வதற்கு முன்னரே அவர் விட்ட பணியைத் தொடர்ந்தார். மறுநாள் அட்லாண்டாவில் கோவேறு கழுதைகள் இழுத்த சாதாரண வண்டிலில் பூதவுடல் கொண்டு செல்லப்பட்டது. ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் பின்தொடர்ந்தனர்.

ஏப்ரல் 11இல் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்டார். ஏப்ரல் 16இல் மெம்பிஸ் தொழிலாளரின் சங்கம் அங்கீகரிக்கப்பட்டு, சம்பள உயர்வும் கிடைத்தது.

இப்போது சிந்தியுங்கள். கலவரமும் துயரத்தின் வெளிப்பாடுதான். ஆயினும் அதில் எரிந்தவற்றுட் பல கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளே. மௌனமாக நடந்தவர்களோ அவர் தொடங்கிய வேலையை முடித்துவைத்தனர். விடை எழுதும்போது இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.