தொண்டமானும் அவருக்குப் பின்னும்

சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்கள் மறைந்த நாள் 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 30. அதற்குச் சரியாக முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1964ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30இலேதான், எங்களைக் கேளாமலே எங்களைப் பங்கிட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னர் முடிவாகும் என்றனர். அதனை எதிர்த்து நின்றவர் அதே திகதியில் கண்மூடியது தற்செயலே. ஆயினும், பூனாகலையில் அந்நாள் வரும்போதெல்லாம் இரண்டையும் சேர்த்தே என் மனம் எண்ணுகிறது.

1913ஆம் ஆண்டு இராமநாதபுரச் சீமையிலே பிறந்து, இளமையிலேயே இலங்கை வந்தவர் அவர். தந்தையார் கருப்பையா, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர். முதலாளியின் மகன் தொழிலாளர்க்குத் தலைவராவது பொருந்துமோ என்று கேட்டவர் அன்றும் இருந்தனர். பொருந்திற்று என்பதே என் துணிபு. துரைமார் எவ்விடத்தில் இளகுவர், எவ்விடத்தில் இறுகுவர் என்பதை அவர் வீட்டிலிருந்தே கற்றிருந்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் அவர் வென்றார். எங்கள் பதுளையும் அவ்வேழனுள் ஒன்று. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகமும் அதனை மீட்கவில்லை. மக்களின் வாக்கால் அவர் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தது 1977ஆம் ஆண்டிலேதான். வடக்குத் தலைவர்களோடு கூட்டணியில் நின்ற அவர், தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தபோது அதில் சேராமல் விலகினார், 1978இல் அமைச்சருமானார். இதனைச் சரணாகதி என்றோர் பலர். மலைநாட்டில் சிதறி வாழும் மக்களுக்குப் பிரிவினை எவ்வகையில் உதவும் என்று அவர்களுள் எவரும் எனக்கு விளக்கியதில்லை.

நான் கண்ணாற் கண்டவை இரண்டு. ஒன்று, 1984 ஏப்ரல் மாதத்து வேலைநிறுத்தம். அதுகாறும் என் தாயார் தந்தையாரினும் குறைந்த கூலியே பெற்றார். அதன்பின் இருவர் கூலியும் ஒன்றாயிற்று. முதற் சம்பளத்தன்று தாயார் பணத்தை இரண்டு முறை எண்ணினார்; பின் தந்தையார் கையிலும் கொடுத்து எண்ணச் சொன்னார்.

மற்றது, 1986ஆம் ஆண்டுத் தைப்பொங்கலில் தொடங்கிய பிரார்த்தனை இயக்கம். பிரட்டுக் களத்துக்குச் செல்ல வேண்டிய காலைப்பொழுதில் லயத்து மக்கள் அனைவரும் மாரியம்மன் கோயில் வாசலில் அமர்ந்தனர். பதினைந்து வயதுச் சிறுவனாகிய எனக்கு வேலைநிறுத்தமாகவும் பூசையாகவும் ஒருங்கே தோன்றிற்று. வழிபடுவோரை எந்தச் சட்டத்தால் விலக்குவது? அவ்வாண்டிலேயே நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. கொழுந்து மலையில் ஏறாத அரைநாள், அரசை அசைத்துவிட்டது.

அவரிடத்தும் குறையுண்டு. பேச்சுவார்த்தை முழுவதையும் தம் ஒருவர் தலையிலேயே சுமந்தார். அடுத்த வரிசையைப் பழக்கவில்லை. நிழல் பெரிதாகிய மரத்தின் கீழ்க் கன்று வளரவில்லை எனலாம். தலைமை குடும்பத்துக்குள்ளேயே சென்றது. பேரர் ஆறுமுகன் தொண்டமான் 2020ஆம் ஆண்டு மே 26இல் காலமானார். அவருக்குப் பின்னும் தலைமை அக்குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. 2015இல் எழுந்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை, சம்பளச் சபை வழியே 2021இலேதான் நிறைவேறியது. அதற்குள் அந்த ஆயிரம் தன் மதிப்பை இழந்திருந்தது. சங்கங்கள் இன்று பல. ஆனால், எல்லாத் தோட்டங்களையும் ஒரே காலைப்பொழுதில் கோயில் வாசலில் அமரச் செய்யும் குரல் எதுவென்று என் மாணாக்கர் கேட்டால் எனக்கு விடையில்லை.

குடியுரிமை வந்தது, குடியிருக்கும் மண் வரவில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடத்தை விட்டு நீங்குமாறு 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது உண்மையே. எங்கே நீங்குவது? காணி உறுதி எவரிடமும் இல்லை. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினர். மறுநாள் தொண்டமான் அவர்களின் பதினைந்தாவது நினைவு நாள். அன்று இம்மலையில் மக்கள் மண்வெட்டியோடு நின்றிருந்தனர்.