காமராஜரும் கைத்தொழிலும்

மதுரைக்கு மேற்கே, சமணமலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி என்னும் கிராமம் இருக்கிறது. மலைமேல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தீர்த்தங்கரர் திருவுருவங்கள். கீழே ஐயனார் கோயிலும் தாமரைத் தடாகமும். அவ்வூரைக் கடந்து தேனிச் சாலையில் மேற்கே சென்றால் மதுரை காமராஜர் பல்கலைக் கழகமும், அதன் அண்மையில் வடபழஞ்சியில் சர்க்கார் நிறுவிய தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் காணப்படும். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவரின் பெயரை ஒரு சர்வகலாசாலை தாங்கி நிற்பது கண்டு வியப்போர் பலர். முதலாளிகளை அழைத்து மாநாடு கூட்டுவது ராஜாங்கத்தின் வழக்கமாகிவிட்ட இந்நாளில், ஊருக்குத் தொழில் வரும்படி செய்ய அவர் மேற்கொண்ட வழி யாது என்று பார்ப்பதே நமக்குப் பயன் தருவதாகத் தோன்றுகிறது.

ஸ்ரீ காமராஜர் 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதிலே தந்தையை இழந்தார். குடும்பம் நொடிந்தது, படிப்பு நின்றது, மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் கடைத் திண்ணையில் உட்கார நேர்ந்த சிறுவர் தமிழ்நாட்டில் அன்று எண்ணிலர். அவருள் ஒருவர் பிற்காலத்தில் முதன்மந்திரியானார் என்பதே விசேஷம். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் தேசத் தொண்டில் இறங்கியதும், 1930-இல் வேதாரண்ய உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்ததும், வாழ்நாளில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளைச் சிறையிலே கழித்ததும் நேயர்கள் நன்கு அறிந்தவை. 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி முதன்மந்திரிப் பதவி ஏற்றார்.

அவருக்கு முன்னும் இம்மாகாணத்தில் கைத்தொழிலுக்குச் சர்க்கார் உதவி வேண்டும் என்று முயன்றவர் உண்டு. ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் 1898 முதற்கொண்டு சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை வளர்த்தார். தோல் பதனிடுவதிலும் புது முறையைப் புகுத்தினார். சர்க்கார் தாமே தொழில் தொடங்கி வழிகாட்டுவது கூடாதென்று 1910-இல் லண்டனிலிருந்து மார்லி பிரபு தடுத்து விட்டார். பின்னர் 1922-ஆம் ஆண்டின் கைத்தொழில் உதவிச் சட்டம் வந்தது. எனினும் அன்னிய ஆட்சியில் அது ஓரளவுக்கு மேல் என்ன செய்திருக்கக் கூடும்?

காமராஜர் பதவியேற்றவுடன் செய்த காரியம் ஆலையைப் பற்றியதன்று, பள்ளியைப் பற்றியது. 1953-இல் ராஜாஜி கொணர்ந்த ஆரம்பக் கல்வித் திட்டப்படி கிராமச் சிறுவர்கள் அரை நேரம் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் பழகவேண்டும். குறைந்த பணத்தில் அதிகப் பிள்ளைகளுக்கு இடம் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் கீழக்குயில்குடியைச் சூழ்ந்த கிராமங்களை நினைத்துப் பாருங்கள். இவ்வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று வகுத்து, கைரேகை பதிந்து, ஆடவரை இரவில் போலீஸ் காவலில் படுக்க வைத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தோர்மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலரைக் கொன்றனர். அச்சட்டம் ரத்தானது 1947-இல்தான். தகப்பன் தொழிலையே குற்றமென்று ஏட்டில் எழுதி வைத்திருந்த ஓர் ஊரில், மகனைத் தகப்பன் தொழிலுக்குப் போ என்றால் அவன் எங்கே போவான்? 1954-இலேயே காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். மூடிய பள்ளிகளைத் திறந்தார். புதிய பள்ளிகளைக் கூட்டினார். 1956 முதல் மதிய உணவும் அளித்தார். தொழில் அபிவிருத்தி வரலாற்றை எழுதுவோர் இதனை வேறு அத்தியாயத்தில் வைப்பர். நாம் முதல் அத்தியாயத்திலேயே வைக்கிறோம்.

அடுத்தது மின்சாரம். பெரியாற்று நீரால் இயங்கும் மின் நிலையமும், கனடா தேசத்து உதவியோடு நீலகிரியில் குந்தா திட்டமும் அவர் காலத்தில் எழுந்தன. வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. கிராமங்களுக்கு மின்கம்பி இழுப்பதில் சென்னை ராஜ்யம் இந்தியாவிலேயே முன்னணியில் நின்றது. கவலை கட்டி இறைத்த கிணறுகளில் பம்பு ஓடியது. பம்பு செய்யவும் பழுது பார்க்கவும் பட்டறைகள் தோன்றின. எவரையும் விருந்து வைத்து அழைக்காமல் வந்த தொழில் இது.

தொழில் மந்திரி ஸ்ரீ ஆர். வெங்கடராமன் முன்னின்று நடத்திய தொழிற்பேட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெரிய முதலாளிக்குக் கட்டடமும் மின்சாரமும் தடையல்ல. பட்டறைக்காரனோ, கையிலுள்ள சிறு பணத்தைச் சுவரிலும் கூரையிலும் போட்டுவிட்டால் யந்திரம் வாங்க வழியற்றுப் போவான். ஆகவே சர்க்காரே கொட்டகை கட்டி, பாதையும் தண்ணீரும் மின்சாரமும் அமைத்து, வாடகைக்கு விட்டது. யந்திரத்தை 1955-இல் மத்திய சர்க்கார் அமைத்த தேசியச் சிறுதொழில் கார்ப்பொரேஷன் தவணை முறையில் தந்தது. கைத்திறன் ஒன்றையே மூலதனமாக உடையவனும் முதலாளியாகலாம் என்பது இதன் தாத்பரியம். 1958-இல் கிண்டிப் பேட்டை திறக்கப்பட்டது. விருதுநகர், மதுரை முதலிய ஊர்களும் பேட்டைகள் பெற்றன.

பெருந்தொழில்கள் விஷயத்தில் புகழை அளந்து பேசுவதே நியாயம். 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு விதை முன்னமே போட்டாயிற்று. நெய்வேலி நிலக்கரியும் அவருக்கு முன்பே ஆராயப்பட்டது. அவற்றை நிறைவேற்றியதும், திருச்சிக் கொதிகலன் ஆலை போன்றவற்றை டில்லியில் வாதாடிப் பெற்றதும் அவர் மந்திரி சபையின் சாமர்த்தியம். திருச்சி ஆலைக்கு அவர் இடம் தேர்ந்தது பற்றி வழங்கும் கதைகள் சுவையானவை. அவற்றின் மெய்ம்மையை விசாரிக்க இங்கு இடமில்லை.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். தென் ஜில்லாக்காரர் ஆண்ட ஒன்பது ஆண்டுகளில் பெருந்தொழில் எதுவும் மதுரையைத் தேடி வரவில்லை. ஹார்வி மில்லும் மீனாட்சி மில்லும் முந்திய தலைமுறையின் சொத்து. 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்தாபனத்தாரே 1960-களில் சக்கரம், பிரேக், மின்கருவி முதலியவற்றைச் செய்யும் ஆலைகளைச் சென்னையை அடுத்த பாடியில்தான் எழுப்பினர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. லாரி செய்யும் ஆலை எண்ணூரில் இருந்தது. துறைமுகம் பக்கத்தில் இருந்தது. வாங்குவோன் இருக்குமிடத்தைத் தேடி விற்போன் போனான். இந்த இழுப்பை எதிர்த்துத் தெற்கே ஒரு பெரிய வாங்குவோனை நிறுத்துவது சர்க்காரால் மட்டுமே ஆகியிருக்கும். அது நடக்கவில்லை. கீழக்குயில்குடி போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது, விளக்கு வந்தது. ஆலை வேலை வேண்டுமானால் பெரும்பாலும் ரயிலேற வேண்டியிருந்தது.

1963 அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் தாமாகவே பதவி துறந்தார். 1967-இல் சொந்த ஊராகிய விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டமும் காரணம் என்பர். படித்து முடித்த இளைஞனுக்கு வேலை கிட்டாத ஏமாற்றத்தையும் அவற்றோடு சேர்க்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி காலமானார்.

2024 ஜனவரியில் சென்னையில் கூடிய முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தொகை பெரிது, மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எத்தனை வேலை, எந்த ஜில்லாவில், எந்தப் படிப்புக்கு என்பதையும், ஆண்டுதோறும் அவற்றுள் எத்தனை நிறைவேறின என்பதையும் சர்க்கார் ஊரறிய அச்சிட்டு வெளியிடவேண்டும். வடபழஞ்சிப் பூங்காவுக்கும் அவ்விதக் கணக்கு வேண்டும். பக்கத்துக் கிராமங்களிலிருந்து அங்கே வாயிற்காவலுக்கு எத்தனை பேர், மேஜைமுன் எத்தனை பேர் என்பது அதில் தனித்தனியே தெரியவேண்டும்.