டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். பெண்கள் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நின்றுவிடுவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், அம்மையார் ஆடவர் பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்றார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவரானார்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் அரசினர் அவரைச் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தனர். சபையினர் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

அந்நாளில் சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் நிலவியது. அவ்வாறு விடப்பட்டோர் மணம் புரிந்து இல்லறம் நடத்த இயலாது. இசையையும் நடனத்தையும் வளர்த்த மரபே எனினும், நாளடைவில் அது இளம்பெண்களின் வாழ்வைச் சிதைக்கும் கொடுமையாயிற்று. அதனை ஒழித்தல் வேண்டுமென்று அம்மையார் 1927இல் சபையில் தீர்மானம் கொணர்ந்தார். எதிர்ப்பு எழுந்தது. பழமை விரும்பிகள் மட்டுமல்லர், அம்மரபைச் சார்ந்த பெண்டிர் சிலரும் எதிர்த்து விண்ணப்பம் விடுத்தனர். அவர்தம் அச்சம் வெறும் பிடிவாதமன்று. கோயிற்பணிக்கு ஈடாக அவர்கள் மானிய நிலங்களை நுகர்ந்து வந்தனர். பணி நின்றால் நிலமும் போய்விடுமன்றோ? அம்மையார் இம்முடிச்சையே முதலில் அவிழ்த்தார். 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், பணி செய்யாமலே அந்நிலத்தை வைத்துக்கொள்ளும் உரிமையை அவர்கட்கு அளித்தது.

இதற்கிடையே நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவிலும் அவர் அமர்ந்தார். முதல் வகுப்பில் சேர்ந்த 100 பிள்ளைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டினர் என்ற வருந்தத்தக்க உண்மையை அக்குழு வெளியிட்டது.

பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அம்மையார் 1930இல் கொணர்ந்தார். ஆனால் அது சட்டமாகுமுன், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். பெற்ற பிள்ளையைப் பாதி வழியில் விட்டு வந்ததுபோல் அவர் உள்ளம் நொந்திருக்கும். ஆயினும் ஓயவில்லை. போக்கிடமின்றி வந்த பெண்களுக்காக அவ்வாண்டிலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். தம் கருத்தை இடைவிடாது எடுத்துரைத்தும் வந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1947இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராயிருந்தபோது அச்சட்டம் நிறைவேறியது. ஓமந்தூரும் கள்ளக்குறிச்சியும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சென்னை மாநகரின் பெருங்கோயில்களுக்கு மட்டுமன்றி, கல்வராயன் மலைக்குக் கிழக்கே பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூர் போன்ற தலங்களுக்கும் அச்சட்டம் ஒன்றாகவே பொருந்தியது.

பின்னர் மாநிலச் சமூகநல ஆலோசனைக் குழுவின் முதல் தலைவராக அமர்ந்து, பெண்கள், குழந்தைகள் நலம் குறித்து அரசுக்கு வழிகாட்டினார். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டகலவில்லை. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில் அம்மையார் மறைந்தார்.