டால்ஸ்டாய் பிரபுவும் குடியானவச் சிறாரின் எழுத்தும்

ருஷிய தேசத்து லியோ டால்ஸ்டாய் பிரபு போரும் அமைதியும் என்னும் பெருங்கதையை இயற்றியவர் என்பதைக் கற்றோர் பலரும் அறிவர். அக்கதையைத் தொடங்குமுன் அவர் தமது கிராமத்துக் குடியானவச் சிறாருக்கு எழுத்தறிவித்த உபாத்தியாயராய் இருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. சிறு பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிக்கும் தொழிலை எளிதென்று எண்ணுவோர் அவ்வரலாற்றை அறிதல் நன்று.

அவர் 1828ஆம் ஆண்டிலே, மொஸ்கோ நகருக்குத் தெற்கேயுள்ள யாஸ்நாயா பொல்யானா என்னும் கிராமத்திற் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயையும், 1837இலே தந்தையையும் இழந்தார். கஸான் சர்வகலாசாலையிற் சேர்ந்தும் பட்டம் பெறாது 1847இலே நீங்கினார். பின்பு படையிற் சேர்ந்து கிரீமியப் போரைக் கண்டார். இவற்றுக்கிடையே நூலாசிரியரெனும் புகழும் அவரை வந்தடைந்தது. ஆயினும், தம் நிலத்திற் பாடுபடுவோரின் மக்கள் எழுத்தறியாதிருக்கத் தாம் எழுதும் நூல்களால் யாது பயன் என்னும் எண்ணம் அவருள்ளத்தை வருத்திற்று. அதனால் 1859ஆம் ஆண்டிலே தம்மூரில் ஒரு பாடசாலை நிறுவித் தாமே கற்பிக்கலானார். 1860, 1861ஆம் ஆண்டுகளில் ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குச் சென்று ஆங்குள்ள பாடசாலைகளையும் பார்வையிட்டார்.

அவருடைய பாடசாலைக்குப் பிள்ளைகள் புத்தகமேனும் கொப்பியேனும் கொண்டுவருவதில்லை. வீட்டிற் செய்துவர வேண்டிய பாடமும் இல்லை. விரும்பிய இடத்தில் இருப்பர். தாமதித்து வந்தவரைக் கண்டிப்பாருமில்லை. இத்தகைய இடத்திலும் கட்டுரை எழுதுவித்தல் முதலில் இடர்ப்பாடாகவே முடிந்தது. தானியம், வீடு, மரம் முதலிய எளிய பொருள்களைப் பற்றி எழுதுமாறு உபாத்தியாயர் சொன்னார். தானியம் விளைவது எவ்வாறு, அப்பமாவது எவ்வாறு, அதன் பயன் யாது என்று வகுத்துக்காட்டி உதவியும் செய்தார். பிள்ளைகளோ அழுமளவுக்கு வந்துவிட்டார்கள். எழுதிய சிலரும் எழுத்துப் பிழையும் பொருட் பிழையும் மலிய எழுதினர். பின்பு, நிகழ்ந்ததொரு செய்தியை எழுதுமாறு சொன்னவுடனே பரிசு பெற்றவர்போல மகிழ்ந்தனர். பெரியோர் எளிதென்று கருதுவது சிறியோர்க்கு எளிதன்று என்பதை டால்ஸ்டாய் அங்கே கண்டறிந்தார்.

ஒருநாள் அவர் ருஷியப் பழமொழித் தொகுதியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியால் ஊட்டி, அதன் காம்பினாற் கண்ணைக் குத்துதல் என்னுங் கருத்துடைய பழமொழி ஒன்று அதிற் காணப்பட்டது. அதற்கொரு கதை எழுதும்படி மாணாக்கரை ஏவினார். அது தம்மால் இயலாதென்று அவர்கள் பின்வாங்கவே, குடியானவன் ஒருவன் ஏழையொருவனை வீட்டிற் சேர்த்துப் பின்பு அவ்வுதவியைச் சொல்லிக்காட்டுவதாகத் தாமே எழுதத் தொடங்கினார். சிறிது நேரத்திற் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து, அது பொருந்தாது, இது இவ்வாறிருத்தல் வேண்டும் என்று திருத்தலாயினர். அவர்களுள் ஸேம்கா, பேத்கா என்னும் இருவரும் முதன்மையாய் நின்றனர். பிரபு அவர்கள் சொல்வதை எழுதும் எழுத்தாளராயினார்.

கதையில் வரும் ஒருவன் பெண்பிள்ளையின் மயிர்த்தோற் சட்டையை அணிந்து வந்தான் என்று பேத்கா சொன்னான். அச்சட்டை எதற்கென்று முதலில் வியந்த டால்ஸ்டாய், அந்த ஒரு குறிப்பினாலேயே அம்மனிதனுடைய மெலிந்த தோற்றமும் அவ்வீட்டாரின் வாழ்க்கையும் கண்முன் நிற்பதை உணர்ந்தார். பேரெழுத்தாளர்க்கும் அரிதாய் வாய்க்கும் ஆற்றல், எழுத்துக்கூட்டவும் செவ்வையாக அறியாத சிறுவனிடத்தே இருக்கக் கண்டு அவர் உள்ளம் நடுங்கிற்று. மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை பதினொரு மணிவரையும் நடந்தது. பசியும் களைப்பும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

அக்கதை எழுதிய தாள்கள் பின்னர் அஜாக்கிரதையால் அழிந்துபோயின. டால்ஸ்டாய் மிக வருந்தினார். அவ்விரு சிறுவரும் அவர் வீட்டில் இரவு தங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவன் சொல்ல ஒருவன் எழுதி, நள்ளிரவுக்குள் அதனை மீண்டும் ஆக்கிக் கொடுத்தனர். எழுத்தென்றால் அழ நின்ற பாடசாலையில் நிகழ்ந்த மாற்றம் இத்தகையது.

இவ்வனுபவத்திலிருந்து அவர் வகுத்த முறைகள் சில. பொருள்கள் பலவற்றைக் கொடுத்துப் பிள்ளையே தெரிந்துகொள்ள விடல் வேண்டும். அவை உபாத்தியாயருடைய மனத்தையும் கவர்வனவாதல் வேண்டும். பிள்ளைகள் எழுதியவற்றையே பிள்ளைகளுக்கு மாதிரியாகப் படிக்கக் கொடுத்தல் வேண்டும். கட்டுரையைப் பார்க்கும்பொழுது கையெழுத்தையும் துப்புரவையும் எழுத்துப் பிழையையும் குறித்துக் குறை கூறலாகாது. எல்லாவற்றினும் மேலானது மற்றொன்று. எண்ணங்கள் பலவற்றுள் ஒன்றைத் தெரிதல், அதற்குச் சொல் தேடுதல், முன் சொன்னதை மறவாதிருத்தல், சொல்லிக்கொண்டே எழுதுதல் ஆகிய சுமைகளனைத்தையும் ஒருசேரச் சுமத்தினாற் பிள்ளை சோர்ந்துபோம். ஆதலால் முதலில் அவற்றை உபாத்தியாயரே தாங்கி, பிள்ளை வலிமை பெறுந்தோறும் ஒவ்வொன்றாய்க் கையளித்தல் வேண்டும்.

சிறுவர் கதை 1862ஆம் ஆண்டில் அவர் நடத்திய கல்விப் பத்திரிகையில் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலே, அவர் ஊரில் இல்லாத வேளையில், அரசாங்கக் காவலர் வந்து பாடசாலையையும் வீட்டையும் சோதித்தனர். அவர் மனம் புண்பட்டது. செப்டம்பரில் விவாகமும் நிகழ, பாடசாலை நின்றது. ஆயினும் அவ்வெண்ணம் அவரை விட்டகலவில்லை. 1872ஆம் ஆண்டிலே தம் மனைவியும் மூத்த மக்களும் உதவத் தம் வீட்டிலேயே மீண்டும் சிறாருக்குக் கற்பித்தார். அவ்வாண்டில் ஓர் அரிச்சுவடியையும், 1875இலே அதனைத் திருத்திப் புதியதொன்றையும் வெளியிட்டார். பேத்கா வளர்ந்தபின் தன் ஆசிரியரைப் பற்றிய நினைவுகளைத் தானே எழுதினான்.

முதுமையிலே, 1908ஆம் ஆண்டில், டால்ஸ்டாய் இந்தியரொருவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நமது திருக்குறளின் இன்னாசெய்யாமைக் கருத்தை எடுத்தாண்டார் என்பது தமிழ்மக்கள் அறிந்து மகிழ்தற்குரியது. 1910ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே அஸ்தாபவோ என்னும் புகையிரத நிலையத்தில் அவர் உயிர் நீத்தார்.

நம் பாலர் வகுப்புகளில், பிள்ளை எழுதிய நான்கு வரியைப் படித்து இன்புறுமுன்னரே சிவப்பு மையாற் கோடிடுவாருமுளர். அக்கோடு பிழையை மாத்திரமன்று, பிள்ளையின் நாவையும் அடைத்துவிடுதல் கூடும். பிழை நாளடைவிலே திருந்தும். சொல்ல விரும்பும் உள்ளம் ஒருமுறை வெட்கி ஒடுங்குமாயின் அதனை மீட்டல் அரிது. சொல்வதைப் பிள்ளைக்கு விட்டு, எழுதுகோலைச் சிறிது நேரம் தாம் பிடித்துக்கொள்ளும் உபாத்தியாயரே எழுத்தின்மேல் விருப்பத்தை விதைப்பவராவர்.