மாறொளி தேடிய வைணு பாப்பு

சாகாமக் குளக்கட்டில் நின்று இரவு வானை நோக்கும் எங்கட்கு விண்மீன்கள் என்றும் ஒரே ஒளியின எனத் தோன்றும். அவ்வொளி மாறுவதையே இளமை முதல் ஆராய்ந்தவர் வைணு பாப்பு. 1927இல் சென்னையிற் பிறந்த அவருக்கு, ஐதராபாத் நிசாமியா வானாய்வுக்கூடத்திற் பணியாற்றிய தந்தையாரே வழிகாட்டி. 1949இல், ஹார்வர்டிற் பயிலுங்கால், புதிய வால்வெள்ளியொன்றைக் கண்டார். 1957இல் ஒலின் வில்சனுடன் வெளியிட்ட ஆய்வு, கல்சியக் கோட்டின் அகலங்கொண்டு விண்மீனின் உண்மையொளியை அறியும் வழியைத் தந்தது.

ஆயினும் நான் பெரிதும் மதிப்பது அவர் எழுப்பிய காவலூரையே. 1960இல் கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் பணிப்பாளரானவர், ஜவ்வாது மலைக்காட்டிடையே அவ்விடத்தைத் தேர்ந்தார்; 2.34 மீற்றர் விட்டமுள்ள ஆடியைத் தீட்டித் தொலைநோக்கியை நாட்டிலேயே அமைக்கத் துணிந்தார். வாங்கிவிடுவது எளிதாயிருந்திருக்கும்! அது நிறைவுறுமுன், 1982இல், மியூனிக் நகரிற் காலமானார். 1986இல் தொடக்கவிழாக் கண்ட அக்கருவிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

பின்னாளில் அக்கருவி நோக்கியவற்றுள், தொலைதூர அண்டங்களின் நடுவிலுள்ள கருந்துளைகளினின்று பீறிடும் தாரைகளும் உண்டு. ஒளியின் வேகத்தை அண்மித்து நம்மை நோக்கிப் பாயும் தாரை பன்மடங்கு ஒளிர்ந்து தோன்றும். சில மணி நேரத்திலேயே கூடிக் குறையவும் செய்யும். அத்துணை விரைவாக மாறுவதாயின், ஒளி உமிழும் பகுதி அண்டத்தை நோக்க மிகச் சிறியதாயிருத்தல் வேண்டும். ஒளி மாறாத அயல் விண்மீன்களோடு ஒப்பிட்டு, இரவு முழுவதும் அதனை அளப்பர். மாறொளி விண்மீன்களை அளப்பதும் இம்முறையிலேயே.