போல் மஜேஸ்: பட்டம் பெறாத பொறியியலாளரும் ஒழுகும் ஒரு குழாயும்

1955 ஒக்டோபரில் பரிஸ் மோட்டார் கண்காட்சியில் சிட்ரோன் கொம்பனி ஒரு புதிய காரைத் திரைவிலக்கிக் காட்டியது. டி.எஸ். என்று பெயர். பிரெஞ்சில் அந்த இரண்டு எழுத்துகளையும் சேர்த்துச் சொன்னால் 'தேவதை' என்ற சொல்லின் ஒலி வரும். முதல் நாளிலேயே சுமார் 12,000 பேர் அதை வாங்கப் பதிவு செய்தார்கள். அந்த உடலை வடிவமைத்த சிற்பி ஃபிளமினியோ பெர்டோனியின் பெயரும், முழுத் திட்டத்தையும் நடத்திய அந்திரே லெஃபெவ்ரின் பெயரும் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் எஞ்சினை முடுக்கியதும் படுத்திருந்த விலங்கு எழும்புவதுபோல அந்தக் கார் மெல்ல உயர்ந்து நின்றதே, அதற்குக் காரணமானவர் போல் மஜேஸ். பழைய கார்களைத் திருத்துபவர்களின் உலகில் அவர் மிகப் பிரபலம். அதற்கு வெளியே அவ்வளவாக இல்லை.

1908இல் பிறந்த மஜேஸ் 1925இல், 17 வயதில், சிட்ரோனில் வேலைக்குச் சேர்ந்தார். பொறியியல் பட்டம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பிரான்சில் அந்தக் காலத்தில் இது சிறிய குறையல்ல. பெரிய தொழிற்சாலைகளின் வடிவமைப்புப் பிரிவுகள் உயர்கல்லூரிகளில் படித்து வந்தவர்களின் கோட்டை. லெஃபெவ்ரே விமானப் பொறியியல் படித்தவர்தான். மஜேஸ் அந்தப் பிரிவுக்குள் நுழைந்தது 1942இல், ஜேர்மன் ஆக்கிரமிப்பின் நடுவில். கொம்பனியை அப்போது நடத்திய பியர் பூலான்ஜே அவருடைய யோசனைகளைக் கவனித்து உள்ளே எடுத்தார். சகாக்கள் அவருக்கு 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் முதலில் கையில் எடுத்தது பிரேக். பாரம் ஏற்றிய வாகனத்துக்கும் வெறுமையான வாகனத்துக்கும் ஒரே அளவு பிரேக் போதாது என்பது லொறி ஓட்டும் எவருக்கும் தெரியும். பாரத்துக்கு ஏற்ப பிரேக்கின் வலு தானாக மாற வேண்டும் என்று அவர் யோசித்தார். அங்கிருந்து ஸ்பிரிங்குக்கு வந்தார். ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தால் வெறும் கார் சுகமாக ஓடும். ஆட்களும் பெட்டிகளும் ஏறியதும் பின்பக்கம் தரையைத் தட்டும், முன்விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். கடினமாக வைத்தால் பாரம் தாங்கும். தனியாக ஓட்டுபவரின் முதுகு நோகும். காரின் எடை குறையக் குறைய இந்தச் சிக்கல் பெரிதாகும், ஏனென்றால் ஏறும் பாரம் காரின் சொந்த எடையோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிடும்.

மஜேஸ் கண்ட வழி, இரண்டு வேலைகளையும் பிரித்து இரண்டு பொருள்களிடம் கொடுப்பது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு உருண்டை. அதற்குள் ஒரு இறப்பர் சவ்வு. அதன் ஒரு பக்கத்தில் நைதரசன் வாயு, மறுபக்கத்தில் திரவம். வாயு ஸ்பிரிங்காக வேலை செய்யும். திரவம் காரின் உயரத்தைக் காக்கும். பின்பக்கத்தில் பாரம் ஏறி உடல் தாழ்ந்தால், அச்சோடு இணைந்த ஒரு கம்பி சிறிது திரும்பி ஒரு வால்வைத் திறக்கும்; பம்ப் அனுப்பும் திரவம் உள்ளே போய் உடலை மீண்டும் பழைய மட்டத்துக்கு உயர்த்தும்; மட்டம் வந்ததும் வால்வு மூடிக்கொள்ளும். பாரத்தை இறக்கினால் திரவம் தாங்கிக்குத் திரும்பும். ஒவ்வொரு குழிக்கும் வால்வு துள்ளாதபடி அதற்கு வேண்டுமென்றே ஒரு தாமதமும் வைத்தார். இந்த ஏற்பாட்டை எல்லோரும் அதன் மென்மைக்காகப் புகழ்கிறார்கள். என் பார்வையில் அதன் பெரிய விடயம் மட்டம்தான்.

கொம்பனியும் அப்படித்தான் தொடங்கியது. 1950இல் பூலான்ஜே வீதி விபத்தில் இறந்துபோனார். அவர் உள்ளே எடுத்த மனிதரின் ஏற்பாடு 1954இல்தான் விற்பனைக்கு வந்தது, அதுவும் பழைய 15-சிக்ஸ் மாடலின் பின்சக்கரங்களில் மட்டும். அடுத்த ஆண்டு டி.எஸ்.ஸில் நான்கு சக்கரங்களுக்கும் வந்தது. அதே திரவமும் பம்பும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கியர் மாற்றுவதையும் கவனித்தன. 1958இல் அறிமுகமான ஸ்டேஷன் வேகன் இந்த ஏற்பாட்டுக்கு மிகப் பொருத்தமான வீடு. பின்னால் எவ்வளவு ஏற்றினாலும் மட்டம் மாறாத வண்டியை அம்புலன்ஸாகவும் பயன்படுத்தினார்கள்.

1962 ஓகஸ்ட் 22ஆம் திகதி பரிஸின் புறநகரான பெத்தி-கிளமாரில் ஜனாதிபதி டி கோலின் டி.எஸ். காரைச் சுட்டார்கள். ரயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் கார் நிற்காமல் ஓடித் தப்பியது. மஜேஸின் ஏற்பாடுதான் அவரைக் காப்பாற்றியது என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள். அந்தச் சாரதிக்கும் கொஞ்சம் பங்கு கொடுப்பது நியாயம்.

புகழ் இப்படி இருக்க, கராஜ்களில் நிலைமை வேறு. டி.எஸ். இரகசியமாக உருவாக்கப்பட்டது, அதைத் திருத்த வேண்டிய மெக்கானிக்குகள் அதற்குத் தயாராக இருக்கவில்லை. முதல் வருடங்களின் கார்கள் ஒழுகின. வால்வுகள் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளியோடு கடையப்பட்டவை. ஒரு துளி அழுக்கே போதும், சிக்கிக்கொள்ளும். அப்போது பயன்பட்ட சிவப்புத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், குழாய்க்கு உள்ளேயே கறள் பிடிக்கும். 1957இல் வந்த மலிவான ஐ.டி. மாடலில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் எளிமையாக்கினார்கள், ஆனால் சஸ்பென்ஷனை விட்டுக்கொடுக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் எல்.எச்.எம். என்ற பச்சை நிறக் கனிம ஒயில் வந்த பிறகுதான் மஜேஸின் யோசனை உண்மையில் நம்பத்தக்கதாக மாறியது. பாகங்களுக்கும் பச்சை அடையாளம் இட்டார்கள், ஏனெனில் ஒரு திரவத்தின் இறப்பர் மற்றதில் கெட்டுப்போகும்.

பழைய சிட்ரோன் ஸ்டேஷன் வேகன் ஒன்றின் கீழே இன்று பச்சைத் துளி விழுந்தால் உரிமையாளர் பயப்படுவது இயல்பு. ஆனால் எல்லா ஒழுக்கும் ஒன்றல்ல. தாங்கிக்குத் திரும்பும் இறப்பர்க் குழாய்களில் அமுக்கம் இல்லை. அவை வெடித்திருந்தால் மலிவான வேலை. முன்பக்கத்திலிருந்து பின்சக்கரங்களுக்கு உடலின் அடியால் ஓடும் உருக்குக் குழாய் வேறு கதை. கிளிப் பிடிக்கும் இடங்களில் சேறு தங்கி, வெளியிலிருந்து கறள் தின்னும். பம்ப் கொடுக்கும் அமுக்கம் சுமார் 145 முதல் 170 பார். சி.எக்ஸ்., பி.எக்ஸ். போன்ற பின்வந்த மாடல்களில் பின் பிரேக்குக்கும் திரவம் இந்தப் பின் சஸ்பென்ஷனிலிருந்தே வருகிறது. பாரம் கூடினால் அங்கே அமுக்கம் கூடும், பின் பிரேக்கின் வலுவும் கூடும். மஜேஸின் முதல் யோசனை அப்படியே அங்கே வாழ்கிறது. ஆகவே பின் குழாய் போனால் பின் பிரேக்கும் போகலாம். துளி விழும் வண்டியை நாளைக்குப் பார்ப்போம் என்று ஓட்டக்கூடாது.

திருத்தும் முறையில் மர்மம் இல்லை, ஒழுங்குதான் வேண்டும். முதலில் உடலை உறுதியான தாங்கிகளில் வைக்க வேண்டும். அமுக்கம் இறங்கியதும் கார் கீழே வரும், அடியில் ஆள் இருந்தால் நசுக்கிவிடும். உயர நெம்பைத் தாழ்நிலையில் வைத்து, அமுக்கச் சீராக்கியின் திருகைத் தளர்த்தி அமுக்கத்தை விட வேண்டும். ஓட்டையை விரலால் தேடக்கூடாது. அந்த அமுக்கத்தில் ஊசிமுனை போன்ற தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் சத்திரசிகிச்சை வரை போகலாம். ஒரு மட்டை அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

கெட்ட துண்டை வெட்டி, நடுவில் இறப்பர்க் குழாயைப் போட்டுக் கிளிப்பால் இறுக்குவது திருத்தம் ஆகாது. அதே தடிப்புள்ள புதிய குழாய் வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கறள் பிடிக்காது, கையால் வளைக்கவும் இலகு. முனையைச் சாதாரண பிரேக் குழாய்போல விரிக்கக் கூடாது. சிட்ரோன் குழாயில் நுனிக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறிய புடைப்பு இருக்கும். நுனியில் ஒரு இறப்பர் வளையம் ஏறும். ஒழுக்கை அடைப்பது அந்த வளையம்தான், நட்டின் இறுக்கம் அல்ல. இது தெரியாதவர்கள் நட்டை மேலும் மேலும் இறுக்கி மரையை அழிக்கிறார்கள். வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். கழற்றிய துவாரங்களை உடனே மூட வேண்டும். பிறகு எல்.எச்.எம். நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, காற்று வெளியேறிய பின் காரை மேலும் கீழும் சில தடவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும்.

ரோல்ஸ்-ரோய்ஸ் 1965இல் தன் சில்வர் ஷடோ காருக்குச் சிட்ரோனிடம் உரிமம் பெற்று இந்த மட்டம் பேணும் ஏற்பாட்டை எடுத்தது. 1977இல் வந்த மெர்சிடிஸ் 123 வரிசை ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத்திலும் நைதரசன் உருண்டையும் பம்பும் மட்டம் காக்கும் வால்வும் இருந்தன. மஜேஸ் இதற்கிடையில் 1970இல் வந்த எஸ்.எம். காருக்கு, வேகம் கூடக்கூட இறுகும், கையை விட்டதும் தானாக நேராகும் ஸ்டியரிங் ஒன்றையும் செய்து முடித்திருந்தார்.

அவர் இறந்தது 1999இல். சிட்ரோன் தன் கடைசித் திரவ சஸ்பென்ஷன் காரான சி5ஐ 2017இல் நிறுத்தியது. அதன் ஸ்டேஷன் வேகனும் அதோடு போனது. கொம்பனி கைவிட்ட பிறகும் பழைய வண்டிகள் ஐரோப்பாவில் ஓடுகின்றன. அவற்றுக்காக உருண்டைகளுக்கு மீண்டும் நைதரசன் ஏற்றுபவர்களும், 3.5 மில்லிமீற்றர் குழாயின் முனையில் அந்தச் சிறிய புடைப்பைச் சரியாக அழுத்தத் தெரிந்தவர்களும் இன்னும் சில கராஜ்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் பொறியியல் பட்டம் இல்லை.